கண்ணாடிச் சீட்டில் இரண்டாவது எண்

அக்காவுக்கு இன்சுலின் காலையில் பதினாறு அலகு, பின்னேரம் எட்டு அலகு. ஆறு வருடங்களாக அந்த ஊசியைப் போட்டு வருவது நான்தான். சீனி வருத்தம் அக்காவின் பார்வையில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வாசலில் ஆள் நின்றால் ஆள் என்று தெரியும். யார் என்று குரலைக் கேட்டால்தான் தெரியும். அவர் கையில் ஊசியைக் கொடுக்க முடியாது.

என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார், கலியாணம் கட்டிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என் கணவர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாட்களில், பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில், நாங்கள் இரண்டு பேர்தான். தோட்டத்துப் பாடசாலையில் நான் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு என்பதால் காலை ஏழு மணிக்கே மேலதிக வகுப்பு தொடங்கிவிடும். அதற்கு முன் ரொட்டி சுட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அக்காவுக்கு ஊசி போட வேண்டும். ஐந்து மணிக்கு எழும்பும்போதே, அன்றைய நாள் முடிந்தால் போதும் என்றிருக்கும்.

கண்ணில் ஏதோ சரியில்லை என்பது முதலில் கொப்பி திருத்தும்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் போடும் சமன் அடையாளத்தின் இரண்டு கோடுகளும் ஒட்டி ஒரே தடித்த கோடாகத் தெரிந்தன. ஒரு பிள்ளையின் கணக்கில் சமன் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருக்கிறதென்று சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்து, "டீச்சர், நான் சமன்தான் போட்டிருக்கேன்" என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு எது நடந்தாலும் தூக்கம் போதவில்லை என்றுதான் நினைப்பேன்.

பிறகு ஊசி. இன்சுலின் சிரிஞ்சில் பத்து, இருபது என்று எண் போட்ட நீளக் கோடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே நான்கு சின்னக் கோடுகள், கோட்டுக்கு இரண்டு அலகு. பதினாறு என்றால் பத்தைத் தாண்டி மூன்றாவது சின்னக் கோடு. சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. மூடுபனி இறங்கிய காலையில், ஜன்னல் பக்கமாகத் திரும்பி, கையை நீட்டியும் மடக்கியும் பார்த்தால், அந்தச் சின்னக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து சாம்பல் பூசியது போல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அக்காவின் மருந்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நடைபாதையில் ஒருவர், பலகை ஒன்றில் வரிசை வரிசையாக வாசிக்கும் கண்ணாடிகளைச் செருகி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நான் நின்றதும் கேட்டார்.

"வயசு எத்தனங்க?"

"நாப்பத்தாறு."

"அப்ப ஒன்றரைல ஆரம்பிங்க. பத்தலைன்னா ரெண்டுக்குப் போகலாம்."

காகித அட்டையில் ஒட்டிய பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை நீட்டினார். போட்டுப் பார்த்தேன். எழுத்து கறுப்பாக எழுந்து வந்தது. வேறொன்றும் அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பசறை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. வில்லையில் ஒட்டியிருந்த +1.50 என்ற சின்னச் சீட்டை பஸ்ஸிலேயே நகத்தால் உரித்துப் போட்டேன்.

அந்தக் கண்ணாடி உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். பாடப் புத்தகத்தை வாசிக்க முடிந்தது. சிரிஞ்சில் பத்தும் இருபதும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் இருந்த கோடுகள் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்ற அளவில்தான் இருந்தன. வயது போனால் இவ்வளவுதான் கிடைக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மதியத்துக்கு மேல் நெற்றிப் பொட்டு இரண்டும் வலிக்கும். அதற்கும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். விடாமல் மழை பெய்த ஒரு காலை. அக்காவுக்குப் பசியில்லை, அரை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். ஊசி போட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடினேன். பத்தரை மணியளவில் பக்கத்து வீட்டுப் பெண் சாக்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அக்கா ஒரு மாதிரி பேசுறாங்க. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. சீனி நெறையப் போட்டு பிளேன்டீ குடுத்துட்டுத்தான் வாறேன். பயப்படாம வாங்க."

அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். பாடசாலையிலிருந்து லயத்துக்குப் பத்து நிமிட ஏற்றம். அன்று எத்தனை நிமிடத்தில் போனேன் என்று தெரியாது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரவிக்கை முழுதும் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "அம்மா, கூடைய எங்க வச்ச? பெரட்டுக்கு நேரமாச்சு" என்றார். எங்கள் அம்மா செத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அக்கா காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்து மலைக்குப் போவதை நிறுத்தியும் பல வருடம்.

மறுபடியும் சீனித் தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு என் கையைத் தடவிப் பார்த்து, "நீ பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனோம். அங்கே விரலில் குத்திப் பார்த்தார்கள். இனிப்புக் குடித்த பிறகும் சீனி குறைவாகத்தான் இருந்தது. மருந்து கொடுப்பவர் அதைக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"காலையில ஊசி எத்தன போட்டீங்க டீச்சர்?"

"பதினாறு."

"சரியா சாப்பிடாம போட்டிருக்கீங்க போல."

"ஆமாங்க, நான்தான் சாப்பிடல" என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னார்.

அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. அக்கா சோறு சாப்பிட்டுத் தெளிவாக இருந்தார். எட்டு அலகு எடுத்தேன். எட்டு என்று நான் நினைத்ததை எடுத்தேன். மூடியைப் போட்டு ஜன்னல் கட்டையில் சிரிஞ்சைப் படுக்க வைத்துவிட்டு, அக்காவின் சேலையை விலக்கி, பஞ்சை எடுத்தேன். பஞ்சை நனைத்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றேன். படுத்திருந்த சிரிஞ்சில் கோடுகள் ஒவ்வொன்றும் ஊசியால் கீறினது போலத் தனித்தனியாக நின்றன. எண்ணினேன். பத்தின் நீளக் கோட்டைத் தாண்டி ஒரு சின்னக் கோடு. பன்னிரண்டு.

கையில் எடுத்து நிமிர்த்தினேன். கோடுகள் கலங்கின. படுக்க வைத்தேன். தெளிந்தன. நிமிர்த்தினால் ஒரு சிரிஞ்ச், படுக்க வைத்தால் இன்னொன்று என்பது போல இருந்தது. அதிகமாக இருந்ததை வெளியே தள்ளி, படுக்க வைத்துப் பார்த்து, எட்டாக்கிப் போட்டேன். காலையில் எத்தனை போட்டிருப்பேன்? இருபதா, இருபத்திரண்டா? நேற்று எவ்வளவு? போன மாதம்? அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுப் பதுளைக் கண் கிளினிக்கில் காட்டப் போனேன். விடியற்காலைப் பஸ். நீளமான வாங்குகளில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, என் முறை வரும்போது மதியமாகிவிட்டது. கனமான சோதனைச் சட்டகத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது நல்லமா, அது நல்லமா என்று கேட்டார்கள். எதைப் போட்டபோது நன்றாக இருந்தது என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டது. கடைசியில் ஒரு சீட்டை எழுதித் தந்து, வாசிக்கிற கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்தவர் என் நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டையில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு ஒரு வரி, இடது கண்ணுக்கு ஒரு வரி. வலதில் +0.50, அடுத்து −1.50, அடுத்து 90. இடதில் +0.75, −1.25, மறுபடியும் 90. கீழே தனியாக +1.75. தசமம் படிப்பிக்கிறவள் நான். கூட்டலும் கழித்தலும் எனக்குத் தெரியும். ஆனால் எதை எதோடு கூட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கண்ணில் பிளஸும் மைனஸும் எப்படி ஒன்றாக இருக்கும்? வலது கண்ணுக்கு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், முக்கால் வந்தது. அப்படியானால் இப்போது போட்டிருக்கும் ஒன்றரையே அதிகம். அதுவும் சரியாகப் படவில்லை. தொண்ணூறு என்பது என்ன? பிளஸும் இல்லை, மைனஸும் இல்லை, புள்ளியும் இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விழிப்பதைப் பார்த்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர்தான் இருந்தார்.

கடைசியில், கீழே தனியாக எழுதியிருப்பதுதான் வாசிக்கிற கண்ணாடிக்கான நம்பர் என்று முடிவு செய்தேன். நடைபாதையில் அதே ஆள் இருந்தார். சீட்டை நீட்டி, "ஒன்னே முக்கா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் சீட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒன்னே முக்கா இருக்குதுங்க. ஆனா ஒங்களுக்குச் சரிவராது."

"ஏன், அதுதானே எழுதியிருக்கு?"

"இப்படி வந்து நெழல்ல நில்லுங்க" என்றார். பிறகு விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுச் சொன்னார். "இந்த மொதலாவது நம்பர் தூரத்துப் பார்வைக்கு வேண்டிய பவர். கீழ இருக்கே ஒன்னே முக்கா, அது கிட்டத்துல வாசிக்கிறதுக்கு அதுக்கு மேல சேர்க்கிறது. அத மட்டும் தனியா வாங்கக்கூடாது. மொதலாவதோட கூட்டணும்."

"அரையும் ஒன்னே முக்காலும் ரெண்டேகால்" என்றேன்.

"ஆமாங்க. இடது கண்ணு?"

"ரெண்டரை."

"அவ்வளவுதான்னா பரவாயில்ல. கால் வித்தியாசம் பெரிசில்ல, ரெண்டேகால்ல ஒன்ன எடுத்துக் குடுத்துருவேன். மொதலாவது நம்பர் மைனஸா இருந்தா கூட்டாம, கீழ இருக்கிற நம்பர்லருந்து அதக் கழிக்கணும், அதுலயும் நெறையப் பேரு தப்புப் பண்றது. ஆனா ஒங்களுக்கு நடுவுல இந்த ரெண்டாவது நம்பர் இருக்கு. அதுதான் பிரச்சின."

அந்த எண் எதற்கு என்று கேட்டேன். வாங்க ஆட்கள் வருகிறார்களா என்று தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்து, பேனாவால் மூன்று நேர்க் கோடும் அவற்றுக்குக் குறுக்கே மூன்று படுக்கைக் கோடும் போட்டார்.

"கண்ணாடியக் கழட்டுங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. எந்தக் கோடு கறுப்பா தெரியுது?"

நிமிர்ந்த கோடுகள் கறுப்பாக இருந்தன. படுத்த கோடுகள் பென்சிலால் போட்டு அழித்தது போல இருந்தன. அட்டையை அவர் பக்கவாட்டில் திருப்பினார். இப்போது முன்பு மங்கியிருந்தவை கறுத்தன, கறுத்திருந்தவை மங்கின. மற்றக் கண்ணாலும் அப்படியே.

"எல்லாருக்கும் கண்ணு பந்து மாதிரி ஒரே அளவா வளைஞ்சிருக்காது. சில பேருக்கு ஒரு பக்கம் கூட வளைஞ்சிருக்கும். அத நேராக்கத்தான் இந்த ரெண்டாவது நம்பர். தொண்ணூறுங்கிறது அந்த வில்லைய எந்தச் சாய்வுல வைக்கணும்னு சொல்றது. நான் விக்கிறதுல ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், எல்லாப் பக்கமும் ஒரே பவர். இந்த நம்பர் காலோ அரையோ இருந்தா சமாளிச்சுக்கலாம். ஒன்றரைக்கு ஏலாது."

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்பு கண்ணாடி வில்லை தேய்த்துக் கொடுக்கும் இடத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்ததாகச் சொன்னார். பிறகு அந்த இடத்தில் மெஷின் வந்தது. இவர் நடைபாதைக்கு வந்தார்.

யாரிடமும் சொல்லாததை நான் அவரிடம் சொன்னேன். சிரிஞ்ச் நிமிர்ந்தால் கோடு கலங்குவதையும், படுத்தால் தெளிவதையும், அக்கா என்னை அம்மா என்று கூப்பிட்டதையும். முன்பின் தெரியாத ஆளிடம், தெருவில், பஸ்காரர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் மறுபடி மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"இது எங்கிட்ட வாங்கினதுதானே?"

"ஆமா."

"வயச மட்டும் கேட்டுக் குடுத்துட்டேன்" என்றார். "எதுக்குப் போடுறீங்கன்னு கேக்கல."

உங்கள் மீது தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அன்று என்னிடம் தெம்பில்லை.

சீட்டின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். வாசிப்புக்கு மட்டும். வலது இரண்டேகால், இடது இரண்டரை. இரண்டாவது, மூன்றாவது எண்கள் முன்பக்கத்தில் உள்ளபடியே. கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையைக் காட்டி, மேலும் கீழுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடி வேண்டாம், வாசிக்க மட்டும் போதும் என்று சொல்லச் சொன்னார். சட்டகம் இருப்பதிலேயே சாதாரணமானதைக் கேட்கவும், இரண்டு கண்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர்கள் அளக்கிறார்களா என்று பார்க்கவும் சொன்னார். அளந்தார்கள். விலை நடைபாதை விலையாக இருக்கவில்லை, நான் பயந்த விலையாகவும் இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள்.

அந்த இரண்டு கிழமையும் சிரிஞ்சைப் படுக்க வைத்துத்தான் அளந்தேன். மருந்தை இழுக்கும்போது நிமிர்த்தி, பிறகு ஜன்னலில் படுக்க வைத்து எண்ணி, திருத்தி, மறுபடி எண்ணி. முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த வேலைக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஏழு மணி வகுப்புக்குத் தினமும் பிந்திப் போனேன். பாடசாலை அதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு காலை, நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது அக்கா சும்மா சொன்னார்: "இந்த ஒரு கிழமையா நடுக்கம் இல்ல தங்கச்சி. ஒடம்பு நல்லாயிருக்கு."

"எந்த நடுக்கம்?"

சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"எந்த நடுக்கம்க்கா?"

"ஒன்னுமில்ல. இடைக்கிடை பத்து மணி போல வரும். ஒரு டொஃபி வாயில போட்டா போயிரும்."

"டொஃபி ஏது?"

தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். நாலைந்து டொஃபி இருந்தன. சுற்றியிருந்த காகிதங்களையும் மடித்து அதற்குள்ளேயே வைத்திருந்தார், நான் கூட்டும்போது கண்ணில் படாமலிருக்க. பக்கத்து வீட்டுப் பெண்தான் தோட்டக் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மழை நாளில் பை காலியாக இருந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூனு மாசம் இருக்கும்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? ஒனக்கும் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியும். ஊசிய எடுத்துக்கிட்டு நீ ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கிறது எனக்குக் கேக்காதா? ராவும் பகலும் வேல செய்யிற. இதையும் சொல்லி ஒன்ன அழ வைக்கவா?"

நான் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோபம்தான் வந்தது, அதுவும் யார் மீது என்று தெரியாத கோபம். ஊசியைப் போட்டேன். ரொட்டியைப் பிய்த்து அக்காவின் தட்டில் வைத்தேன். முழுதும் சாப்பிடும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றும் வகுப்புக்குப் பிந்தித்தான் போனேன்.

கண்ணாடி வந்தது. போட்ட முதல் நாள் மேசை ஒரு பக்கம் சரிந்தது போலிருந்தது. இரண்டு நாளில் அது போய்விட்டது. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்தேன். கோடுகள் நின்றன. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். தொப்புளுக்கு வலது பக்கத்தில், உள்ளங்கை அளவு இடத்தில், ஊசி குத்திய புள்ளிகள் நெருக்க நெருக்கமாக இருந்தன. அங்கங்கே தோல் தடித்து, ஓரிடத்தில் நீலம் பாரித்திருந்தது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மாற்றித்தான் போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குமாக்கா?"

"பழகிப் போச்சு."

இடது பக்கத்தில் போட்டேன்.

அதற்கடுத்த வாரம் அக்காவுக்கு மாதாந்தக் கிளினிக். டொக்டர் இளம் வயதுக்காரர், சிங்களத்தில்தான் பேசுவார். நான் கேட்டு அக்காவுக்குச் சொல்வேன். கொப்பியைப் புரட்டி, டிஸ்பென்சரியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். சீனி இவ்வளவு இறங்கியிருக்கிறதே, பதினாறு இவருக்கு அதிகம், பன்னிரண்டாகக் குறைப்போம் என்று பேனாவை எடுத்தார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் குறைக்கப் போவது நான் கொடுத்த இருபதையல்ல. கொப்பியில் இருந்த பதினாறை. இனி நான் சரியாக அளந்து பன்னிரண்டு போட்டால், அக்காவுக்கு மருந்து போதாது.

"டொக்டர், கொஞ்சம் பொறுங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். "அன்றைக்கு நான் பதினாறு போடவில்லை. அதைவிடக் கூடப் போட்டுவிட்டேன். எனக்குக் கோடு தெரியவில்லை. பல நாள் அப்படிப் போட்டிருக்கிறேன்."

பேனா நின்றது. பக்கத்தில் நின்ற தாதி என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்குச் சிங்களம் கொஞ்சம் புரியும். என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

டொக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் அன்று காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பு இருந்திருக்க வேண்டும். இப்போது தெரிகிறதா என்று கேட்டார். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்றேன். தாதியிடம் ஒரு சிரிஞ்சும் ஒரு குப்பியில் தண்ணீரும் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார்.

"பதினாறு எடுங்கள்."

பரீட்சை எழுதும் பிள்ளை போல எடுத்தேன். காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, நிமிர்த்திப் பிடித்துப் பார்த்து, அவரிடம் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தாதியும் எட்டிப் பார்த்தார்.

"பதினாறு" என்றார் தாதி.

"அப்படியானால் பதினாறே இருக்கட்டும்" என்றார் டொக்டர். இரண்டு கிழமைக்கு வாரத்தில் மூன்று தரம் டிஸ்பென்சரியில் சீனியைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். டொஃபி விஷயத்தையும் சொன்னேன். அக்கா வைத்திருக்கட்டும், ஆனால் சாப்பிட்டால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் தலையாட்டினார். ஆனால் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வளைவுகள் தாண்டிக் கொஞ்சம் சனம் இறங்கிய பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார முடிந்தது.

"அவங்க முன்னால ஒன்ன நீயே கொறைச்சுச் சொல்லிக்கிட்ட" என்றார் அக்கா.

"சொல்லாட்டி மருந்தக் கொறைச்சிருப்பாங்க."

"தெரியும்" என்றார். பிறகு, "எனக்கும் ஒருதரம் அந்தக் கண்ணு கிளினிக்கில காட்டேன். முழுசா தெரியாட்டியும் பரவாயில்ல. ஒம் மொகமாச்சும் தெரியுதான்னு பாப்போம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது எனக்கு நினைவில்லை. அடுத்த லீவு எப்போது எடுக்க முடியும் என்று மனதுக்குள் தேடினேன். பரீட்சைக்கு முன்னால் முடியாது. அதிபர் தர மாட்டார். "பரீட்ச முடிஞ்சதும் போவோம்க்கா" என்றேன். அவர் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தேன். கண்ணாடியைக் கழற்றவும் கை எழவில்லை. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போவது கேட்டது. தீப்பெட்டி உரசும் சத்தம், கேத்தலில் தண்ணீர் ஊற்றும் சத்தம். எழுந்து போய், விடுங்கக்கா, நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் கோப்பையைத் தேடி எடுத்து, தேத்தண்ணி ஊற்றி, சிந்தாமல் மெல்ல மெல்ல நடந்து வந்து, என் கை இருக்கும் இடத்தைக் கேட்டு, அதில் வைத்தார். நான் எழுந்து உட்கார்ந்து குடித்தேன்.